ஆங்கிலத்தில் முன்னொட்டும் பின்னொட்டும்: சொல்லாக்கப் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொல்லின் முன்னால் ஒட்டும் பகுதி முன்னொட்டு (ப்ரிஃபிக்ஸ்), பின்னால் ஒட்டும் பகுதி பின்னொட்டு (சஃபிக்ஸ்). ஆங்கிலச் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஸ்பெல்லிங் முக்கியமான இடங்களில் எழுத்தின் பெயரையே சொல்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். படித்து முடிக்கும்போதே பாதிப் பயிற்சி ஆகியிருக்கும்.

முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியல் முழுவதும் மனப்பாடம். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது தப்பாகிறது. ஏன்?

பட்டியலில் சொல் மட்டும்தான் இருக்கிறது, வாக்கியம் இல்லை. சொல்லாக்கக் கேள்வியில், அதாவது தரப்பட்ட சொல்லை மாற்றிக் கோட்டில் எழுதும் கேள்வியில், விடையைத் தீர்மானிப்பது வாக்கியம்தான். அதனால் தரப்பட்ட சொல்லை முதலில் பார்க்காதீர்கள். கோட்டுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்து, அங்கே பெயர்ச்சொல் வருமா, வினையா, பெயரடையா (அட்ஜெக்டிவ்), வினையடையா (அட்வெர்ப்) என்று முடிவு செய்யுங்கள். அடுத்து, வாக்கியத்தின் பொருள் நேர்மறையா எதிர்மறையா என்று பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் ஒருமையா பன்மையா என்பதையும் பாருங்கள். ஸ்பெல்லிங் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். "ஆஃப்டர் த்ரீ ______ அட்டெம்ப்ட்ஸ், ஷி ஃபைனலி பாஸ்ட் தி டெஸ்ட்." தரப்பட்ட சொல் 'சக்ஸீட்'. கோட்டுக்குப் பின்னால் 'அட்டெம்ப்ட்ஸ்' என்ற பெயர்ச்சொல் நிற்கிறது, ஆகவே கோட்டில் வரவேண்டியது பெயரடை. சக்ஸீட் வினை, சக்ஸஸ் பெயர், சக்ஸஸ்ஃபுல் பெயரடை. பலர் இங்கேயே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பின்பாதியில் 'ஃபைனலி' இருக்கிறது. கடைசியில்தான் தேறினாள் என்றால் முந்தைய மூன்று முயற்சிகளும் தோல்வி. ஆகவே விடை 'அன்சக்ஸஸ்ஃபுல்'. எழுதும்போது சி இரண்டு, நடுவிலுள்ள எஸ் இரண்டு, கடைசி எல் ஒன்றே ஒன்று. இவ்வளவும் சேர்ந்தால்தான் மதிப்பெண்.

பன்மையில் கோட்டை விடுவதும் நிறைய. "தி மெயின் ______ ஆர்..." என்று வாக்கியம் போனால், 'டிஃபர்' என்பதிலிருந்து 'டிஃபரன்ஸ்' எழுதினால் போதாது. 'ஆர்' இருப்பதால் 'டிஃபரன்ஸஸ்'.

பெயரடையா வினையடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் வினையடை. 'கவனமான ஓட்டுநர்' என்றால் கேர்ஃபுல், 'கவனமாக ஓட்டினார்' என்றால் கேர்ஃபுல்லி. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் இது நம்மைக் கவிழ்த்துவிடும். 'சாப்பாடு சுவையாக இருக்கிறது', 'அவள் சந்தோஷமாகத் தெரிகிறாள்' என்று தமிழில் 'ஆக' போட்டுத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ இங்கே பெயரடைதான் வரும்: 'ஷி லுக்ஸ் ஹேப்பி'. 'ஹேப்பிலி' என்று எழுதினால் தவறு. இஸ், வாஸ், லுக், சீம், ஃபீல், பிகம், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட் ஆகிய வினைகள் ஒருவர் அல்லது ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது, அவற்றுக்குப் பிறகு தமிழில் 'ஆக' வந்தாலும் ஆங்கிலத்தில் பெயரடை. தமிழ் வழியில் படித்தவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் இந்த ஒன்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எல்-ஒய்யில் முடிந்தால் வினையடைதானே?

எப்போதும் இல்லை. ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, லைவ்லி, காஸ்ட்லி ஆகியவை பெயரடைகள். 'நட்பாகப் பேசினார்' என்று சொல்ல 'இன் எ ஃபிரெண்ட்லி வே' என்றுதான் எழுத வேண்டும். அதேபோல 'ஹார்ட்' என்பதே வினையடையாகவும் வரும். 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அநேகமாக வேலையே செய்வதில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் இது மாறினால் விபரீதம். லேட் என்றால் தாமதமாக, லேட்லி என்றால் சமீபகாலமாக.

இன், இம், இல், இர் என்று நான்கு இருக்கின்றனவே. எதை எங்கே போடுவது?

நான்கும் ஒன்றுதான். லத்தீனிலிருந்து வந்த 'இன்' என்ற முன்னொட்டு அடுத்து வரும் ஒலிக்கேற்ப மாறுகிறது. தமிழில் 'செம்மை' என்பது செங்கல், செந்தாமரை, செம்பருத்தி என்று அடுத்த எழுத்துக்கு ஏற்ப மாறுவதைப் போலத்தான். ம, ப என்று உதடு ஒட்டும் ஒலிக்கு முன் இம்: இம்பாசிபிள், இம்மெச்சூர், இம்பேலன்ஸ். எல் எழுத்துக்கு முன் இல்: இல்லீகல், இல்லிட்டரேட், இல்லாஜிக்கல். ஆர் எழுத்துக்கு முன் இர்: இர்ரெகுலர், இர்ரெலவன்ட், இர்ரெஸ்பான்சிபிள். மற்ற இடங்களில் இன்: இன்கரெக்ட், இன்விசிபிள், இன்டிபென்டன்ட்.

இந்த விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல். எல் எழுத்தில் தொடங்கும் எல்லாச் சொல்லுக்கும் 'இல்' வராது. 'அன்' என்ற முன்னொட்டு பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து, எந்த ஒலிக்கும் மாறாது. அதனால்தான் அன்லைக்லி, அன்லக்கி, அன்ரிலையபிள், அன்ரியல், அன்மேரீட், அன்பாப்புலர் எல்லாம் இருக்கின்றன. எந்தச் சொல் எதை எடுக்கும் என்பதை அகராதியில் பார்த்துப் பழகத்தான் வேண்டும். ஒரு சின்ன உதவி உண்டு: 'எட்', 'இங்' என்று முடியும் பெயரடைகள் பெரும்பாலும் 'அன்' எடுக்கும். அன்எக்ஸ்பெக்டட், அன்நோட்டீஸ்ட், அன்இன்ட்ரஸ்டிங்.

'அன்ஏபிள்' சரி என்றால் 'அன்எபிலிட்டி' ஏன் தவறு?

பெயரடை ஒரு முன்னொட்டையும், அதே குடும்பத்துப் பெயர்ச்சொல் வேறு முன்னொட்டையும் எடுக்கும் சொற்கள் சில உண்டு. தேர்வு தயாரிப்பவர்களுக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம், அதனால் சேர்த்தே படியுங்கள்.

அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்கிரேட்ஃபுல், ஆனால் இன்கிராடிட்யூட். அன்பேலன்ஸ்ட், ஆனால் இம்பேலன்ஸ். இவற்றைப் பார்த்துவிட்டு எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் 'இன்' போட்டுவிட வேண்டாம்: 'அன்சர்ட்டன்' என்பதன் பெயர்ச்சொல் 'அன்சர்ட்டன்ட்டி'தான்.

டிஸ், மிஸ், அன் மூன்றுமே எதிர்மறைதானே? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் என்ன?

பொருளே மாறிவிடும். 'மிஸ்' என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, தவறாகச் செய்வது. மிஸ்அண்டர்ஸ்டாண்ட் தவறாகப் புரிந்துகொள்வது, மிஸ்லீட் தவறான வழியில் கொண்டுபோவது. 'டிஸ்' மறுப்பது அல்லது விலக்குவது: டிஸ்அக்ரீ, டிஸ்ஒபே, டிஸ்அப்பியர். 'அன்' பெயரடையோடு சேர்ந்தால் வெறும் இன்மை. வினையோடு சேர்ந்தால் செய்ததைத் திருப்பிச் செய்வது: அன்லாக், அன்பேக், அன்டை.

'அன்ஆர்கனைஸ்ட் செக்டர்' என்பது அமைப்புசாராத் துறை. கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், தெருவோர வியாபாரிகள் அதில் வருவார்கள். அதை 'டிஸ்ஆர்கனைஸ்ட்' என்று எழுதினால் ஒழுங்குகெட்ட துறை என்று ஆகிவிடும். 'மிஸ்பிளேஸ்ட்' என்றால் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது. 'டிஸ்பிளேஸ்ட்' என்றால் போராலோ வெள்ளத்தாலோ இடம்பெயர்க்கப்படுவது. 'அன்இன்ட்ரஸ்டட்' ஆர்வம் இல்லாதவர். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதன் கவனமான பொருள், தனக்கு ஆதாயம் எதிர்பாராத நடுநிலையாளர். தவறான தகவலைத் தெரியாமல் பரப்பினால் மிஸ்இன்ஃபர்மேஷன், ஏமாற்றவே உருவாக்கிப் பரப்பினால் டிஸ்இன்ஃபர்மேஷன்.

'இன்' வந்தால் எதிர்மறை என்று நம்பலாமா?

முழுக்க நம்ப முடியாது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது. 'இன்ஃபேமஸ்' புகழில்லாதவர் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவர். பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பார்கள். எளிதில் தீப்பற்றும் என்பதுதான் பொருள். அது 'இன்ஃபிளேம்' என்ற வினையிலிருந்து வந்த சொல், அங்கே 'இன்' மறுப்பு அல்ல. இதைத் தீப்பற்றாது என்று புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃபிளேமபிள்' என்ற வடிவத்தை இப்போது பரிந்துரைக்கிறார்கள். தீப்பற்றாதது 'நான்ஃபிளேமபிள்'.

முன்னொட்டு சேரும்போது எழுத்து இரட்டிப்பது எப்போது?

முன்னொட்டையும் சொல்லையும் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பக்கத்தில் வையுங்கள். முன்னொட்டு எந்த எழுத்தில் முடிகிறதோ அதே எழுத்தில் சொல் தொடங்கினால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று. டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் சொல்லில் ஒட்டும் இடத்தில் எஸ் இரண்டு. டிஸ்அப்பியர், டிஸ்அப்பாயிண்ட் இரண்டிலும் 'டிஸ்' பகுதியின் எஸ் ஒன்றுதான். மிஸ்ஸ்பெல் என்ற சொல்லில் எஸ் இரண்டு. அன்நெசசரியில் தொடக்கத்து என் இரண்டு. இம்மெச்சூரில் எம் இரண்டு. முன்னொட்டால் அடிச்சொல்லின் ஸ்பெல்லிங் மாறுவதில்லை.

பின்னொட்டு சேரும்போது என்னென்ன மாறும்?

தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

கடைசியில் ஒய் இருந்து அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால் ஒய் போய் ஐ வரும்: ஹேப்பி, ஹேப்பினஸ், ரிலை, ரிலையபிள், பியூட்டி, பியூட்டிஃபுல். முன்னால் உயிரெழுத்து இருந்தால் ஒய் அப்படியே நிற்கும்: என்ஜாய்மென்ட், பிளேஃபுல். 'டே' விதியை மீறி 'டெய்லி' ஆகும்போது ஐ எடுக்கிறது. 'இங்' சேரும்போது ஒய் எப்போதும் நிற்கும்: ஸ்டடியிங்.

கடைசியில் ஒலிக்காத இ இருந்தால், உயிரெழுத்தில் தொடங்கும் பின்னொட்டுக்கு முன் அது விழும். மெய்யில் தொடங்குவதற்கு முன் நிற்கும். யூஸ் என்பதிலிருந்து யூசபிள் வரும்போது இ இல்லை. யூஸ்ஃபுல்லில் இ உண்டு. விலக்குகள் குறைவு, ஆனால் அடிக்கடி வருபவை: ஆர்கியுமென்ட், ட்ரூலி இரண்டிலும் இ விழுந்துவிடும். நோட்டீசபிள், மேனேஜபிள், கரேஜியஸ் ஆகியவற்றில் இ விழாது. ஏனென்றால் சி, ஜி எழுத்துகளுக்குப் பின் உடனே ஏ அல்லது ஓ வந்தால் அவை 'க' ஒலியாக மாறிவிடும். அந்த மென்மையான ஒலியைக் காப்பாற்றத்தான் இ நிற்கிறது.

'ஃபுல்' என்று பின்னொட்டாக வரும்போது ஓர் எல், 'ஃபுல்லி' என்றால் இரண்டு எல். 'இக்' என்று முடியும் பெயரடை வினையடையாகும்போது இடையில் ஏ-எல் சேரும்: பேசிக்கலி, ஆட்டோமேட்டிக்கலி. விலக்கு 'பப்ளிக்லி'. சிம்பிள், பாசிபிள் போன்றவற்றில் கடைசி இ போய் ஒய் வரும்: சிம்ப்ளி, பாசிப்ளி.

நடுவில் எழுத்து மாறும் சொற்களைத் தனியாக எழுதிப் பழகுங்கள். ப்ரொனவுன்ஸ் என்பதில் இருக்கும் ஓ-யு கூட்டணி ப்ரொனன்சியேஷனில் யு மட்டுமாகிறது. எக்ஸ்பிளெய்னில் இருக்கும் ஐ, எக்ஸ்பிளனேஷனில் இல்லை. மெயின்டெய்ன் மெயின்டனன்ஸ் ஆகும்போது பின்பகுதியின் ஏ-ஐ போய் இ மட்டும் நிற்கும். ஜெனரஸ், க்யூரியஸ் இரண்டிலும் ஓ-வுக்குப் பின் உள்ள யு, ஜெனராசிட்டி, க்யூரியாசிட்டியில் விழுந்துவிடும். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில்கூட 'ஹ்யூமர்' என்பதன் யு 'ஹ்யூமரஸ்' ஆகும்போது முதல் ஓ-வுக்குப் பின் வராது.

பெயர்ச்சொல்லாக்க ஷன், மென்ட், னஸ், இட்டி, அன்ஸ் என்று இத்தனை. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஊகத்துக்கு விடாமல், சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஃபுல்', 'லெஸ்' என்று முடிந்தால் னஸ்: யூஸ்ஃபுல்னஸ், கேர்லெஸ்னஸ். 'ஏபிள்', 'இபிள்' என்று முடிந்தால் பெரும்பாலும் இட்டி: ரெஸ்பான்சிபிலிட்டி, அவைலபிலிட்டி. 'இஃபை' என்று முடியும் வினை 'இஃபிகேஷன்' ஆகும்: குவாலிஃபிகேஷன், கிளாரிஃபிகேஷன். 'மிட்' மிஷன் ஆகும்: பெர்மிஷன், அட்மிஷன். 'சீவ்' செப்ஷன் ஆகும்: ரிசெப்ஷன், டிசெப்ஷன். 'ஸ்க்ரைப்' ஸ்க்ரிப்ஷன்: டிஸ்க்ரிப்ஷன், ப்ரிஸ்க்ரிப்ஷன். 'அன்ட்', 'என்ட்' பெயரடைகள் அன்ஸ் ஆகும்: இம்பார்ட்டன்ஸ், பேஷன்ஸ். சில மட்டும் 'அன்சி': ஃப்ளூயன்சி, எஃபிஷியன்சி, அர்ஜன்சி.

விதிக்கு அடங்காத பழைய சொற்கள் ஒரு கூட்டம் உண்டு. ஸ்ட்ராங் – ஸ்ட்ரெங்த், லாங் – லெங்த், டீப் – டெப்த், வைட் – விட்த், ஹை – ஹைட், பூவர் – பாவர்ட்டி, ப்ரவுட் – ப்ரைட், சூஸ் – சாய்ஸ், லூஸ் – லாஸ், ப்ரூவ் – ப்ரூஃப், பிலீவ் – பிலீஃப், பிஹேவ் – பிஹேவியர். இவற்றிலிருந்து வினை வரும்போதும் கவனம் வேண்டும்: ஸ்ட்ரெங்தன், லெங்தன், ஹைட்டன் மூன்றும் பெயர்ச்சொல்லின் மேல் கட்டப்படுகின்றன, டீப்பன், வைடன் இரண்டும் பெயரடையின் மேல். மொத்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல் இது. மனப்பாடம் செய்யத் தகுந்தது என்றால் இதைத்தான் சொல்வோம்.

'ப்ரிபோன்', 'அப்டேஷன்' எல்லாம் சரியான சொற்களா?

'ப்ரிபோன்' (குறித்த நாளுக்கு முன்பே வைத்துக்கொள்வது) இந்திய ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பிடித்துவிட்டது. இங்கே அலுவலகத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டுத் தேர்விலோ வெளிநாட்டவருக்கு எழுதும் மின்னஞ்சலிலோ 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள். 'அப்டேஷன்' வேண்டாம், 'அப்டேட்' என்பதே பெயர்ச்சொல்லும்கூட. சகலையைக் 'கோ-பிரதர்' என்பது தென்னிந்தியாவில் எல்லோருக்கும் புரியும், அதைத் தாண்டினால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். 'ரிட்டர்ன் பேக்', 'ரிவர்ட் பேக்' என்பவற்றில் 'ரி' என்பதற்கே திரும்ப என்ற பொருள் இருப்பதால் 'பேக்' தேவையில்லை.

பின்னொட்டு சேர்ந்தால் உச்சரிப்பும் மாறுமா?

மாறும். இன்டர்வியூவிலும் ஸ்பீக்கிங் தேர்விலும் புரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஷன், இக், இட்டி ஆகியவை அழுத்தத்தைத் தமக்கு முந்தைய அசைக்கு இழுத்துக்கொள்ளும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுத்தம், 'ஃபொடாகிரஃபர்' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். னஸ், மென்ட், ஃபுல், லெஸ், லி சேர்ந்தால் அழுத்தம் இடம் மாறாது. புதுச் சொல்லை எழுதும்போதே அழுத்தம் விழும் அசையின் மேல் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

தேர்வில் இது எப்படி வரும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆங்கிலத் தாள்களில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருவதுண்டு. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் என்பதால் அங்கே முன்னொட்டைச் சரியாக அறிந்திருந்தாலே போதும்.

கேம்பிரிட்ஜ் நடத்தும் 'பி2 ஃபர்ஸ்ட்' என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் விடையை நீங்களே எழுத வேண்டும். ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ் தாளின் மூன்றாம் பகுதி முழுக்கச் சொல்லாக்கம்தான்: ஒரு சிறு பத்தி, 8 கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தத் தாளுக்கு 75 நிமிடம், 52 கேள்விகள். இந்தப் பகுதிக்கு 8 முதல் 10 நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். தரப்பட்ட சொல்லை அப்படியே எழுதும் கோடு இதில் இருக்காது, கட்டாயம் மாற்ற வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் அந்த மதிப்பெண் போய்விடும், பாதி மதிப்பெண் கிடையாது. முதலில் எதையும் நிரப்பாமல் பத்தி முழுவதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். எதிர்மறை எங்கே என்பது பல சமயம் அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும்.

தினமும் எப்படிப் பயிற்சி செய்வது?

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வினை, பெயர், பெயரடை, வினையடை. ஒரு நாளைக்கு 5 அடிச்சொல் போதும். ஒவ்வொன்றின் குடும்பத்தையும் முதலில் சொந்தமாக நிரப்பிவிட்டு, பிறகு அகராதியில் சரிபாருங்கள். பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். லாங்மேன் இணைய அகராதியில் பல சொற்களுக்குக் குடும்பம் முழுவதையும் ஒரே இடத்தில் தந்திருப்பார்கள். கட்டம் காலியாக இருந்தால் கட்டாயப்படுத்தி நிரப்ப வேண்டாம். எல்லாச் சொல்லுக்கும் நான்கு வடிவமும் இருக்காது.

எதிர்மறை வடிவத்தை அதே கட்டத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் உங்கள் வேலை, வீடு, ஊர் சார்ந்து ஒரு சிறு வாக்கியம் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து வினைக் கட்டத்தைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். தவறியவற்றை மட்டும் அடுத்த வாரப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்து பார்க்க ஒரு சிறு பயிற்சி கிடைக்குமா?

விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. 'ரிலை': நம்பத்தகாத
2. 'வைட்': அகலப்படுத்து
3. 'ரெஸ்பான்சிபிள்': பொறுப்பில்லாமல்
4. 'ஈக்வல்': சமத்துவமின்மை
5. 'எக்ஸ்பெக்ட்': எதிர்பாராதவிதமாக
6. 'ஆர்கியூ': வாதம்
7. 'அட்மிட்': சேர்க்கை
8. 'பேஷன்ட்' என்ற பெயரடை: பொறுமையின்மை

விடைகள்: 1. அன்ரிலையபிள், ஒய் போய் ஐ வந்திருக்க வேண்டும். 2. வைடன். 3. இர்ரெஸ்பான்சிப்ளி, தொடக்கத்தில் ஆர் இரண்டு, முடிவில் இ போய் ஒய். 4. இன்ஈக்வாலிட்டி, 'அன்' போட்டிருந்தால் தவறு. 5. அன்எக்ஸ்பெக்டட்லி, 'அன்எக்ஸ்பெக்ட்லி' என்று எழுதியிருந்தால், நடுவில் பெயரடையாக்கும் 'எட்' விட்டுப்போயிருக்கிறது. 6. ஆர்கியுமென்ட், யு எழுத்துக்குப் பின் இ இல்லை. 7. அட்மிஷன், எஸ் இரண்டு. 8. இம்பேஷன்ஸ், கடைசி மூன்று எழுத்து என், சி, இ.